முதுசத்தில் பிழை

1

“எர்ப்கூட்” என்றார் டொக்டர். மொழிபெயர்க்க வாயைத் திறந்த எனக்குத் தமிழ் வரவில்லை. இதையெல்லாம் எழுதவேண்டும் என்று தோன்றியது அந்த இடத்தில்தான்.

நான் ஜேர்மனியில் மூலக்கூற்று உயிரியல் படிக்கிறேன். எர்ப்கூட் என்றால் ஓர் உயிரின் மரபணுக்கள் மொத்தமும் என்பது எனக்குத் தெரியும். மரபணு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் என் மச்சாள். என் அண்ணனின் மனைவி. அதற்கு முதலே எங்கள் மாமாவின் மகள். மட்டக்களப்பு வாகரையில் பிறந்து, வவுணதீவில் வளர்ந்து, கலியாணம் முடித்து இங்கே வந்தவள். மூத்தவள் ஆரணிக்குக் காது கேளாது; இப்போது வயிற்றில் இரண்டாவது. மரபணு அவளுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு மூடப்பட்ட சொல். ஆகவே ஜேர்மன் சொல்லை இரண்டாகப் பிளந்து பார்த்தேன். எர்ப் என்றால் முன்னோர் விட்டுப்போனது. கூட் என்றால் சொத்து. அப்படியே ஊர்ச்சொல் வந்து விழுந்தது.

“மச்சாள், ஆரணிக்குக் காது கேக்காதது முதுசமா வந்ததாம். உங்களிட்டயும் இரிக்காம், அண்ணனிட்டயும் இரிக்காம்.”

காணி, வளவு, தோணி என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதைத்தானே முதுசம் என்கிறோம். மச்சாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளுடைய முகம் தெளிந்தது. சில மாதங்களாக நான் அவளில் காணாத தெளிவு.

“அப்ப சரிதான். எங்கட வீட்டுல அக்காக்கு வந்திச்சு. இஞ்ச ஆரணிக்கு. ரெண்டு பேரும் மூத்த பொம்புளப் புள்ள.” வயிற்றில் கையை வைத்தாள். வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளை என்று அதற்கு முந்திய கிழமைதான் சொல்லியிருந்தார்கள். “இவன் ஆம்புளப் புள்ள. முதுசம் இவனுக்குப் போகா. டெஸ்டும் வேணாம் ஒண்டும் வேணாம், எழும்பு போவம்.”

நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தான். அதை உலகத்துச் சட்டமாக நினைத்து வளர்ந்தவளுக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. பிழை நான் எடுத்த சொல்லில். மரபணு என்றே சொல்லிவிட்டுப் போகிற வேறு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என் கதிரையில் இருந்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது.

டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாய் ஏன் சிரிக்கிறாள் என்று என்னைக் கேட்டார். மட்டக்களப்பில் வீடு யாருக்குப் போகும் என்பதை ஜேர்மன் மொழியில் விளக்க வேண்டியதாயிற்று. டொக்டர் அம்மா நல்ல மனுஷி. பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

மறுபடி தொடங்கினோம். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பாதியை ஒளித்து வைத்திருக்கிறார்கள், இரண்டு பாதியும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால் காது கேளாது, ஆண் பெண் என்று இல்லை, நாலில் ஒரு வாய்ப்பு.

“நாலுல ஒண்டு ஆரணி. அப்ப இனி மூண்டு புள்ளைக்கு வராது.”

“இல்ல மச்சாள். ஒவ்வொரு தரமும் புதுசா நாலுல ஒண்டு.”

அந்தத் தெளிவு அவள் முகத்தை விட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்களும் கணவரும் உறவா என்றும் டொக்டர் மச்சாளைக் கேட்டார். “சொந்தமா எண்டு கேக்கிறா” என்றேன். மச்சாள் என்னை முறைத்தாள். “கட்டின புருசன் சொந்தமில்லாம வேற ஆரு?”

எங்கள் ஊரைக் கணினியில் தேடிப் பார்த்திருந்த டொக்டர், பாடுகிற மீன் உங்கள் வாவியில்தானே, கேட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார். வெளிநாட்டில் மட்டக்களப்பாரைக் கண்டால் எல்லோரும் கேட்கிற கேள்வி. மச்சாள் என் பக்கம் திரும்பினாள். “நான் ஒருநாளும் கேட்டதில்ல எண்டு சொல்லு. அந்த விசயத்துல முழு மட்டக்களப்பும் செவிடுதான்.”

டொக்டர் சிரித்தார். மச்சாளும் சிரித்தாள். அன்று அந்த அறையில் சிரித்தது அதுவே கடைசி.

2

ஆரணிக்கு ஏழு வயது. அன்று வேறு ஆள் இல்லாததால் அவளையும் கூட்டிப் போயிருந்தோம். மூலையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

அவள் தலையில் ஒரு பக்கம் சத்திரசிகிச்சை செய்து கருவி வைத்திருக்கிறார்கள். தோலுக்குள் ஒன்று, வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற வட்டம் ஒன்று. வட்டம் ஒட்டியிருந்தால் கேட்கும். எங்களுக்குக் கேட்பது போல அல்ல, ஆனால் கேட்கும். கழற்றிவிட்டால் ஒன்றுமே இல்லை. தாயும் தகப்பனும் வாய்த்தர்க்கப்படும்போது காந்தத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சோற்றைச் சாப்பிடுவாள். “குடுத்து வச்சவள்” என்பான் அண்ணன். ஏச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொல்வான்.

பள்ளிக்கூடத்தில் ஜேர்மனும் ஜேர்மன் சைகை மொழியும் படிக்கிறாள். தமிழ் அவளிடம் சில சொற்கள்தான். சோறு, தண்ணி, வா, போ, சரி. இன்னும் ஒன்று, பிழை. மச்சாள் வீட்டில் வைத்து அவளுக்கு அ, ஆ எழுதப் பழக்குகிறாள். “பிழை, திருப்பி எழுது” என்பது அந்த மேசையில் ஓயாமல் கேட்கிற வசனம்.

அன்று டொக்டர் பலமுறை “டிஃபெக்ட்” என்றார். நான் ஒவ்வொரு முறையும் “பிழை” என்றேன். மரபணுவில் ஒரு பிழை. அந்தப் பிழை தாயிலும் உண்டு. அந்தப் பிழை வயிற்றுப் பிள்ளையிலும் இருக்கலாம். மூலையில் கலர்ப் பென்சில் ஓடிக்கொண்டிருந்ததால் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் அவள் என் மடியில் சாய்ந்திருந்தாள். நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள்; பதிலைக் காதால் மட்டும் நம்பாமல் உதட்டிலும் வாசிக்கிற பிள்ளை.

“மாமி, பின் இஷ் பிழை?”

முன்பாதி ஜேர்மன், கடைசிச் சொல் தமிழ். நான் பிழையா?

“இல்ல, இல்ல” என்றேன். வேகமாகச் சொன்னேன். தமிழிலும் சொன்னேன், ஜேர்மனிலும் சொன்னேன், கையாலும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் காந்தத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ட்ராம் சத்தம் பிடிக்காவிட்டாலும் கழற்றுவாள். எதற்குக் கழற்றினாள் என்று எனக்குத் தெரியாது.

3

அண்ணன் ஒரு பெரிய வெதுப்பகத்தில் வேலை செய்கிறான். மாவு படிந்த கையோடு வந்து முழுக்கதையையும் கேட்டான். முதுசக் கதைக்குச் சிரிக்கவில்லை.

“நீ இதத்தானே படிக்கிற. திருத்த ஏலாதா?”

திருத்தலாம். ஆய்வுகூடத்தில் நான் செய்வதே அதுதான். ஈஸ்ட் என்கிற நுண்ணுயிரின் மரபணுவில் ஓர் எழுத்தை வெட்டி, வேறோர் எழுத்தை ஒட்டுகிறேன். முதன்முதலாக அது சரிவந்த அன்று அண்ணனுக்குத்தான் போன் எடுத்தேன். “அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கிற சாமானுக்கா இந்தத் துள்ளுத் துள்ளுற?” என்றான். எனக்கு அந்தத் துள்ளல் இன்னும் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். காது கேளாமல் பிறந்த சில பிள்ளைகளுக்கு, அது ஓர் அரிய வகை, காதுக்குள் சரியான மரபணுவைச் செலுத்திக் கேட்க வைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஆரணியின் வகை வேறு.

“பொறந்த புள்ளைக்கு மருந்து வேற, அண்ணன். கருவத் திருத்திறது வேற. அது இஞ்ச சட்டப்படி குற்றம். செய்தாலும் எங்க வெட்டும், எங்க ஒட்டும் எண்டு முழுக்கச் சொல்ல ஏலாது. கத்தி தவறினா அவன்ட புள்ளைக்கும் போகும், பேரப்புள்ளைக்கும் போகும்.”

“கத்தி தவறாத காலம் வரும்தானே?”

“வரும் போலதான்.”

“அப்ப?”

அண்ணனுடைய பக்கத்தையும் நான் எழுதத்தான் வேண்டும். ஆரணியைக் கருவி வைக்கக் கொண்டுபோனபோது சத்திரசிகிச்சை அறைக் கதவு வரைக்கும் அவன்தான் தூக்கிப் போனான். பூங்காவில் பிள்ளைகள் அவளுடைய பேச்சைப் பழித்துக் காட்டியபோது ஓடிப்போய் ஏசியவனும் அவன்தான். கோபத்தில் ஜேர்மன் மறந்து தமிழில் ஏசிவிட்டு வந்தான். இரண்டாவது பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம் என்று ஒரு தகப்பன் நினைப்பதைக் கொடுமை என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அவன் வாயில் வந்த திருத்த என்ற சொல் என்னை உறுத்தியது. நம் ஊரில் வாத்தியார்மார் பேப்பர் திருத்துவார்கள். திருத்துகிறவர் கையில் சிவப்புப் பேனை, விடை அவருக்கு முன்னமே தெரியும். ஒரு மனிதனுக்கு அந்த விடை யாரிடம் இருக்கிறது?

நாங்கள் போகிற மருத்துவமனை வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறது. நாசிகள் ஆண்ட காலத்தில் இங்கிருந்து நோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளை பெறாதபடி பலரை அறுத்தும் விட்டார்கள். அப்படி அறுக்கலாம் என்று எழுதிய சட்டத்தில் பரம்பரைச் செவிடும் இருந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலும் இதே ‘எர்ப்’ என்ற சொல் இருந்தது. இன்றைய டொக்டரையும் அந்த டொக்டர்மாரையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அவர் மச்சாளிடம் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறார். ஆனாலும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் நாங்கள் உள்ளே போகவேண்டியிருக்கிறது.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாள் தன் அக்கா வசந்தியோடு வீடியோவில் கதைப்பாள். வசந்தி மச்சாள் பிறவியிலேயே காது கேளாதவர். வவுணதீவில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் எந்தச் சைகைப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. அக்கா தங்கை இரண்டு பேரும் சின்ன வயதில் தாங்களாகவே ஆக்கிக்கொண்ட கைப்பேச்சுத்தான். வாவி என்றால் தட்டையான கை நடுங்கும். நான் என்றால் மூக்குக்கண்ணாடி. அண்ணன் என்றால் தொந்தி.

இதில் என்னை வியக்கவைப்பது ஆரணி. அவளுடைய ஜேர்மன் சைகையும் பெரியம்மாவின் வவுணதீவுச் சைகையும் ஒன்றல்ல. ஆனாலும் போனைப் பிடித்துக்கொண்டு இருவரும் நெடுநேரம் கதைப்பார்கள். தமிழ் இந்தப் பிள்ளையிடம் தங்கவில்லை என்று நாங்கள் கவலைப்படுகிறோம். ஊரில் அவளுக்கு நெருக்கமான ஆள், நாங்கள் யாரும் அவளுக்குப் பழக்காத ஒரு வழியால் கிடைத்திருக்கிறார்.

அந்த ஞாயிறு ஆரணி விளையாடப் போனபிறகு மச்சாள் நேரடியாகவே கேட்டாள். கையால் கேட்டாள், எங்களுக்காக வாயாலும் சொன்னாள். “அக்கா, நீ வயித்துல இரிக்கேக்கயே உன்ட காதச் சரிசெய்யலாம் எண்டு ஆரும் அம்மாட்ட சொல்லியிரிந்தா?”

வசந்தி மச்சாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர் கையால் சொன்னதை மச்சாள் வாயால் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“கேக்கிற மருந்து இரிந்தா இப்பவே அனுப்பு. ரெண்டு போத்தல் குடிப்பன்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். பார்த்தாயா என்று ஒரு பார்வை.

வசந்தி மச்சாள் நிறுத்தவில்லை. வாகரையில் சுனாமியாகக் கடல் வந்த அன்றைய காலையைச் சொன்னார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி தேய்த்திருக்கிறார். ஊர் முழுக்கக் கத்தியிருக்கிறது. தங்கையை ஒரு மாமா தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

“அம்மா ஓடினவ, என்னத் தேடித் திரும்பி வந்தா. ஏன் இப்பிடி ஓடி வாறா எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டன். என்னத் தூக்கி மேல நிண்டவங்களிட்ட குடுத்தா. மறுகா அம்மா வரல்ல.”

இந்த இடத்தில் மச்சாளின் குரல் நின்றுவிட்டது. திரையில் கை மட்டும் தொடர்ந்தது. எனக்கு அது புரிந்தது. ஒரு விரல் காதைத் தொட்டது, பிறகு நெஞ்சைத் தொட்டது: என் காதால்தான்.

வயிற்றில் இருக்கும்போது என்று கேட்டதற்கும் பதில் வந்தது. மச்சாள் அதையும் சொன்னாள். “எனக்கு மருந்து எண்டா நான் ஓம் எண்டுவன். வயித்துல இரிக்கேக்க என்னட்ட ஆரு கேட்ட? கேக்காமலா என்ட காதுல கை வைக்கிற?”

தமிழில் காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே சொல். வசந்தி மச்சாளின் கையில் அவை இரண்டு வேறு சைகைகள். ஒன்று காதுக்குப் போகிறது, மற்றது எதிரில் இருப்பவரை நோக்கி விரிகிறது.

நான் விடவில்லை. “தடுப்பூசி போடேக்க புள்ளயிட்ட கேட்டா போடுறோம்? அதச் சொல்லுங்க மச்சாள்.”

மச்சாள் அதைக் கையால் கொண்டுபோனாள். வசந்தி மச்சாள் யோசித்தார். என் மூக்குக்கண்ணாடியைக் காட்டி, வாய் ஓயாமல் திறந்து மூடுவது போல ஒரு சைகை. அதற்குள் யாரோ சட்டை தைக்கக் கொடுக்க வந்துவிட்டார்கள். போன் நின்றது.

“உன்ன என்ன சொன்னவ தெரியுமா?” என்றான் அண்ணன்.

“தெரியும்.”

5

தடுப்பூசிக் கேள்வியை நானே தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஆய்வுகூடத்தில் ஈஸ்ட்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்கும்போதும் அதுதான்.

முதுசம் என்று அன்று தவறி வந்த சொல்தான் எனக்குக் கொஞ்சம் வழி காட்டியது. முதுசக் காணியை ஒருவர் நினைத்தபடி விற்க முடியாது. உரித்துக்காரர் எல்லோரும் கையெழுத்து வைக்கவேண்டும். ஒரு பெறாமகள் குவைத்தில் இருக்கிறாள் என்று ஆண்டுக்கணக்கில் காணி தூங்கும். தடுப்பூசி அந்தப் பிள்ளையின் உடம்போடு நின்றுவிடுகிறது. கருவில் வைக்கிற கத்தி அவனோடு நிற்காது. அவனுக்குப் பிறகு வருகிற உரித்துக்காரர் எல்லோருடைய காணியையும் மாற்றி எழுதுகிறது. அவர்கள் ஒருவரும் இன்னும் பிறக்கவில்லை. யாரிடம் கையெழுத்து வாங்குவது?

இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும். வலியால் துடித்துச் சாகவென்றே பிள்ளையைப் பிறக்கவைக்கிற பரம்பரை நோய்களும் இருக்கின்றன. அங்கே பிறக்காதவர்களின் கையெழுத்துக்காகக் காத்திரு என்று ஒரு தாயிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நோயும் ஆரணியின் காதும் ஒரே பெட்டிக்குள் போகுமா, இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே கீறுவது, கீறுகிற கை யாருடையது. எங்கள் வகுப்பில் இதைக் கதைக்கும்போது எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த வகுப்பில் காது கேளாதவர் ஒருவரும் இல்லை.

மச்சாள் முடிவெடுத்துவிட்டாள். வயிற்றில் ஊசி போட்டுப் பார்க்கிற பரிசோதனை வேண்டாம். டொக்டர் அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. பிறந்தவுடன் காதைச் சோதிக்கலாம் என்றார். அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

“முன்னமே தெரிஞ்சா என்னகா கெட்டுப்போகும்?” என்றான்.

“தெரிஞ்சு என்ன செய்வீங்க?”

அண்ணன் கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினான்.

“பொறந்தாப் பாப்பம்,” என்றாள் மச்சாள். “பொறந்தவள் ஒருத்தி இஞ்ச இரிக்காள். மூண்டு நாளா ஒரே படத்தக் கீறுறாள். அதப் பாருங்க முதல்ல.”

படத்தில் நாலு பேர் நின்றார்கள். அப்பா, அம்மா, ஆரணி, அம்மாவின் வயிற்றுக்குள் ஒரு குட்டி. ஆரணியின் தலைக்கு மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு பெரிய புள்ளடி. அ, ஆ கொப்பியில் பிழைக்கு மச்சாள் போடுகிற அதே புள்ளடி.

அண்ணன் படத்தை வாங்கினான். நெடுநேரம் பார்த்தான். அதை மடிக்கத் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

6

அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது ஆரணி மூலையில் இருக்கமாட்டாள். மேசையில் எங்களோடு இருப்பாள். அவளுக்கென்று ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். முதலில் போன் எடுத்தபோது பிள்ளைக்குக் கருவி இருக்கிறதே, பிறகு எதற்கு என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் சரி என்றார்கள். அண்ணன் லீவு போட்டிருக்கிறான்.

டிஃபெக்ட் என்ற சொல்லைத் தவிர்க்க முடியுமா என்று டொக்டருக்கு எழுதினேன். ‘மாற்றம்’ என்ற பொருளில் வேறொரு ஜேர்மன் சொல்லைச் சொல்லப்போவதாகப் பதில் எழுதியிருக்கிறார். நான் மாற்றம் என்றே சொல்வேன். முதுசம் என்ற சொல்லையும் கொண்டுபோகிறேன். இம்முறை ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து எழுதிய முதுசம் என்று விளக்கத்தோடு. மூன்று மொழி ஓடுகிற அந்த மேசையில் இதெல்லாம் தடுக்கி விழாமல் போய்ச்சேருமா என்று தெரியாது. முயன்று பார்க்கவேண்டும்.

டொக்டரிடம் முதலில் கேட்கப்போவது ஆரணி. என்ன கேட்கப்போகிறாள் என்பதை நேற்றுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு மட்டும் கையால் காட்டினாள். அண்ணனுக்குச் சைகை பாதிதான் விளங்கும். “என்ன சொல்லுறாள்?” என்றான். அங்கே சொல்வாள் என்றேன்.

அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டாமல், குறைக்காமல், மென்மையாக்காமல். டொக்டரைப் பார்த்துத்தான் கேட்பாள். ஆனால் அதற்குப் பதில் டொக்டரிடம் இல்லை. அண்ணனுக்கு நேரே திரும்பி நான் சொல்லவேண்டிய வசனம் இது:

“தம்பிக்குக் காது கேட்டா, அவன் என்னோட கையால கதைப்பானா?”